ஓடைக்குச் சிமெண்டு பூசச் சொன்னவர்கள்

அந்த மனுவை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் சொன்னால், ஏதோ சாமர்த்தியமாக மறைத்து வைத்திருந்தேன் என்று ஆகிவிடும். நான் மறைத்து வைத்து வாங்கிக்கட்டிக்கொண்டது ஒரு ஜன்மத்துக்குப் போதும்.

எங்கள் தெருவில் பெரும்பாலும் கோயில் குருக்கள் வீடுகள். ஒவ்வொரு வீடும் ரயில்பெட்டி மாதிரி நீளம். கூடம், சமையலறை, கிணற்றடி என்று போய்க்கொண்டே இருந்தால் பின்கதவு. பின்கதவைத் திறந்தால் ஓடை. மலையில் விழுகிற மழை அந்த வழியாகத்தான் ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிக்குப் போக வேண்டும். வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் அது ஓடை, மிச்ச நாளெல்லாம் சாக்கடை. எச்சில் இலை, மாட்டுக் கொட்டகைக் கழுவல், கார்த்திகை தீபத்துக்கு வந்த ஜனம் விட்டுப்போனது எல்லாம் அதில்தான் கிடக்கும். ஐம்பதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி வந்த புதிதில், இந்தக் கதவை எதற்குத் திறக்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். காற்று வரும் என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், கண்ணெதிரே இருப்பதைப் பார்க்க மாட்டார்.

நான் செய்யாற்றங்கரைக்காரி. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்து வளர்ந்தவள். எனக்கு அந்த நாற்றம் கடைசிவரை பழகவில்லை. ஒரு மழைக்காலத்தில் என் இரண்டாவது பெண்ணுக்கு விஷக்காய்ச்சல் வந்து மூன்று வாரம் கிடந்தாள். தலைமுடியெல்லாம் கொட்டிப் பிழைத்தாள். அதே காய்ச்சலில் தெருக்கோடி வீட்டில் ஒரு குழந்தை போய்விட்டது. அன்றைக்குத்தான் எனக்கு வெறி பிடித்தது. எட்டாவது வரை படித்தவள் தெருவில் நான் ஒருத்திதான். வீடு வீடாகப் போய்ப் பேசினேன், முனிசிபாலிட்டிக்கு மனு எழுதினேன், கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து என் மாமனாருடையது.

அவர் கோயிலில் அறுபது வருஷமாக முறை பார்த்தவர். முறை என்றால், சுவாமியைத் தொட்டு அபிஷேகம் செய்யும் நாட்கள், பங்காளிகளுக்குள் மாறி மாறி வருவது. தெருவில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் மறுபேச்சு கிடையாது. என்னிடம் அதட்டிப் பேசியதே இல்லை. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டதால், வீட்டுச் சாவி முதல் நாளே என் இடுப்புக்கு வந்துவிட்டது. பெற்ற தகப்பனிடம் இல்லாத ஒட்டுதல் எனக்கு அவரிடம் இருந்தது.

எங்கள் மனுவுக்கு, யாரும் எதிர்பார்க்காத வகையில், பலன் வந்தது. ஓடையைத் தூர்வாரி, கல் பதித்து, இரண்டு கரையிலும் நடைபாதை போட்டு மரம் வைத்துப் பூங்காவாக்கப் போவதாகச் சொன்னார்கள். அளவு எடுக்க ஓவர்சீயர் வந்தார். ஒல்லியான மனுஷர், பொறுமைசாலி. அடியில் கல்லை மட்டும் பதிப்போம், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சந்து விட்டால்தான் தண்ணீர் கீழே இறங்கும் என்றார்.

கீழே இறங்கி எங்கே வரும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் தெருவே பிடித்துக்கொண்டது. எங்கள் கிணறுகள் எல்லாம் ஓடையிலிருந்து பத்தடி தூரத்தில். குளித்துவிட்டு, மடி உடுத்தி, யாரும் தொடாமல் இறைத்து, அதில்தான் சமையல், அதில் குளித்துத்தான் கர்ப்பக்கிரகத்துக்குள் போவது. ஊர் அழுக்கெல்லாம் சந்து வழியாக இறங்கி அந்தக் கிணற்றுக்குள் வருவதா? இத்தனை வருஷம் அதுதானே வந்துகொண்டிருந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மண் வடிகட்டிக் கொடுக்கும், மழைத்தண்ணீர்தான் ஊறும் என்று அந்த மனுஷர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை. எனக்கு வாய் ஜாஸ்தி. உங்கள் வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் சாக்கடைக்குச் சந்து விடுவீர்களா என்று கேட்டேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அடியிலும் பக்கத்திலும் ஓர் எறும்பு நுழையும் சந்துகூட இல்லாமல் சிமெண்டு பூசித் தர வேண்டியது. அந்த வரி எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. மாமனார் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

தீபத்துக்கு முன்னால் வேலை முடிந்தது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. வெள்ளைவெளேரென்று ஓடை, இரண்டு பக்கமும் செம்மண் பாதை, மூங்கில் கூண்டுக்குள் புங்கன், வேம்பு, சரக்கொன்றைக் கன்றுகள், உட்கார சிமெண்டு பெஞ்சு. கன்றுக்கு ஊற்ற ஒரு குழாயும் தோட்டக்காரர் ஒருவரும். ஊரே வந்து நடந்தது. அதிலும் எல்லோரும் வடக்கிலிருந்து தெற்காகத்தான் நடந்தார்கள், கிரிவலம் மாதிரி மலை வலப்பக்கம் இருக்க வேண்டுமே. திரும்பி வருவது தெரு வழியாக. ஒருத்தரும் எதிரே வராத பூங்காவை நான் இங்கேதான் பார்த்தேன் என்று ஓவர்சீயர் சிரித்தார். எங்கள் பின்கதவுகள் எல்லாம் நாள் முழுக்கத் திறந்தே கிடந்தன.

பங்குனியில் கிணற்றுக் கயிறு போதவில்லை. இரண்டு முழம் முடிச்சுப் போட்டேன். பங்குனிக் கடைசியில் இன்னும் இரண்டு முழம். என் வீட்டில் மட்டுமல்ல, ஓடையை ஒட்டிய அத்தனை கிணற்றிலும் அப்படித்தான். எத்தனையோ மழை பொய்த்த வருஷங்களிலும் வற்றாத கிணறுகள் அவை. அடுத்த வீட்டு மாமி வாளியில் வந்த சேற்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நான் எழுதிய வரி எனக்கே மனப்பாடமாகத் தெரியும், ஓர் எறும்பு நுழையும் சந்துகூட இல்லாமல்.

சித்திரை பிறந்த வாரத்தில் எங்கள் கிணற்றில் பாறை தெரிந்தது.

தெருமுனையில் குழாய் இருந்தது, தண்ணீரும் வந்தது. ஆனால் குழாயின் திருகுக்குள் தோலில் செய்த வாஷர் இருக்கிறது. மாட்டுத்தோலைத் தொட்டுவரும் தண்ணீரைக் குடித்து, அதிலேயே குளித்து, சுவாமியைத் தொடுவதா என்று பெரியவர்கள் அதைக் கையால்கூடத் தொட மாட்டார்கள். இளையவர்கள் வாயை மூடிக்கொண்டு பிடித்துக் குடித்தார்கள். என் மாமனாரிடம் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. கோயில் கிணற்றிலிருந்து கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "அது ஸ்வாமிக்கு. என் வயத்துக்கு இல்லைம்மா" என்றார். என் வீட்டுக்காரர் நாலு நாள் எங்கோ தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் சுமந்து வந்தார். ஐந்தாம் நாள் அந்தக் கிணறும் கைவிட்டது.

அதற்கப்புறம் மாமனார் ஒன்றரை நாள் ஓர் இளநீரில் இருந்தார். எழுபத்தெட்டு வயசு, சித்திரை வெயில், காலில் செருப்பு கிடையாது. கோயிலில் படியேறும்போது மயங்கி விழுந்தார். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் போட்டார்கள். உதடு வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. ஜலம், ஜலம் என்று முனகினார். செம்பை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினேன். பூங்காக் குழாயில் பிடித்தேன். கிணத்து ஜலம் ஊறியிருக்கு மாமா என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அம்மாடி" என்றார்.

ஒருநாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் பிழைத்து எழுந்தவர் மறுநாள் குளிக்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும். நிஜத்தைச் சொன்னால் மறுபடி இளநீர்தான். இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அவருக்குக் கண்ணில் புரை. குடலிறக்கம் வந்தபிறகு அவரை இறைக்க விடுவதில்லை, நான்தான் இறைத்துக் கிணற்றடி அண்டாவில் நிரப்பி வைப்பேன். குழந்தைகள் விழாமலிருக்கக் கிணற்றுக்குப் பலகை மூடி உண்டு. பொய்க்கு எல்லா வசதியும் வீட்டிலேயே இருந்தது. நடுப்பகலில், தெரு உண்டு படுத்திருக்கும் நேரத்தில், பூங்காக் குழாயிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து மறைவாக வைத்துக்கொள்வேன். விடியற்காலையில் அவர் எழுந்ததும், நிரம்பிய வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் நாலு முழம் இறக்கி, மறுபடி இழுப்பேன். ராட்டினம் கிறீச்சிடும். அவர் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே விபூதி குழைப்பார். இருபது தரம் அப்படி இழுப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமான வேலை நான் செய்ததில்லை, அவ்வளவு பயத்தோடும் எதையும் செய்ததில்லை.

முதல் நாள் குடத்தோடு போனபோது தோட்டக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து நடந்து வருகிறவர். குருக்கள் வீட்டுப் பெண் கன்றுக்கு ஊற்றும் குழாயில் நிற்பது அவருக்கு அதிசயமாக இருந்திருக்கும். காரணம் கேட்கவில்லை. "பன்னெண்டு மணிக்கு மேல வாங்கம்மா. அப்ப ஆளுங்க கம்மி" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் தினமும் அந்த நேரத்துக்குக் குழாயடியைக் கழுவி வைத்துவிட்டு, வேறு பக்கம் போய்விடுவார்.

என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனேன். "சொல்லாதே. சொன்னா நானும் உள்ளே போக முடியாது" என்றார். அதோடு சரி. அப்பனும் பிள்ளையும் அதே தண்ணீரில் குளித்துவிட்டுத் தினமும் கோயிலுக்குப் போனார்கள். அண்ணாமலையாரே, பாவமெல்லாம் எனக்கு, அவர்களை விட்டுவிடு என்று நான் ராட்டினத்தைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொள்வேன். வேறு யாரிடம் சொல்வது?

வந்த வினை அத்தோடு நிற்கவில்லை. மாமனார் கோயிலில் எல்லோரிடமும் எங்கள் கிணற்றைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஊரே வற்றினாலும் நாட்டுப்பெண் கை ராசி, ஊறிக்கொண்டே இருக்கிறது என்று. அடுத்த வீட்டு மாமி குடத்தோடு வந்து நின்றாள். அவள் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? அண்டாவிலிருந்து ஒரு குடம் கொடுத்தேன். மறுநாள் வந்து, மாமாவோட புண்ணியம், என்ன ருசி, கிணத்து ஜலம்னா கிணத்து ஜலம்தான் என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று ராத்திரி என் தோள்பட்டை வீங்கிப் போயிருந்தது.

வைகாசியில் தெருவார் எல்லோரும் சேர்ந்து, சிமெண்டை உடைத்துவிடும்படி இன்னொரு மனு கொடுத்தார்கள். இந்தத் தடவை எழுதச் சொல்லி என்னிடம் யாரும் வரவில்லை. உடைத்துவிட்டால் அடுத்த மழைக்குக் கிணறுகள் பிழைத்துக்கொள்ளும். உடைக்காவிட்டால் இனி எந்த மழைக்கும் இல்லை, வீட்டை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டார்கள். கிளம்புவது என்றால் எங்கே? கோயில் இங்கே இருக்கிறது.

ஒருநாள் காலை விசாரிக்க வந்தார்கள். ஓவர்சீயர், அவருக்கு மேலே ஓர் அதிகாரி, நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பியூன். பூங்காப் பாதையில் நடந்தபடியே பின்கதவுகளில் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அந்தந்தக் கதவில் பெண்கள் காலிக் குடத்தோடு நின்றார்கள். மாமனார் கோயிலிலிருந்து வந்து எங்கள் கதவுக்கு எதிரே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதிகாரிக்கு அவரைப் பார்த்ததும் மரியாதை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பெரியவங்க நீங்க சொல்லுங்க, உங்க கிணறு எப்படி என்று கேட்டார்.

நான் கதவுக்குள் நின்றுகொண்டிருந்தேன். என் தலையில் இடி விழப்போவது எனக்குத் தெரிந்தது.

"எங்காத்துக் கெணறு வத்தலை. தெனம் எறைக்கறா, ராட்டினம் சத்தம் நானே கேக்கறேன். அண்ணாமலையார் பாத்துக்கறார்."

அறுபது வருஷம் சுவாமியைத் தொட்ட மனுஷர் அவர். பொய் சொல்வார் என்று யார் நினைப்பார்கள்? அவர் பொய் சொல்லவும் இல்லை. அதிகாரி ஓடையைப் பார்த்தார், எங்கள் சுவரைப் பார்த்தார். ஓடையை ஒட்டியிருக்கும் கிணற்றிலேயே தண்ணீர் இருக்கிறதென்றால் சிமெண்டின்மேல் குற்றம் இல்லை, இது மழைக் குறைவுதான் என்று பியூனிடம் எழுதச் சொன்னார். பியூன் எழுதினான். தூரத்தில் தோட்டக்காரர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த கதவில் மாமி நின்றாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பெண், பிள்ளைத்தாய்ச்சி, சுவரைப் பிடித்துக்கொண்டு.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மாமனார் தப்பித்தார். அவருக்கு இன்னும் நாலைந்து வருஷம் இருக்கலாம். நிம்மதியாகக் கோயிலுக்குப் போய் வந்துகொண்டே போய்ச் சேர்ந்திருப்பார். திறந்தால் தெரு பிழைக்கும். இரண்டையும் கெடுத்துவைத்தது நான், எதையாவது ஒன்றைக் காப்பாற்று என்று விதி என்னையே நிற்க வைத்திருந்தது. பியூன் நோட்டை மூடினான்.

எப்படிப் போனேன் என்று தெரியாது. கிணற்றுப் பலகையை இழுத்துத் தள்ளினேன். வாளியை எடுத்து, கயிற்றைப் பிடிக்காமல் உள்ளே விட்டேன். இரும்பு வாளி பாறையில் விழுந்த சத்தம் பூங்கா முழுக்கக் கேட்டது.

வெளியே வந்து அவர் காலடியில் நின்றேன். "மாமா, சித்திரை பொறந்ததுலேர்ந்து இதுல ஜலம் இல்லை. நீங்க குடிச்சது பைப்பு ஜலம்."

அவர் சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"குளிச்சது?"

"அதுவும்தான்."

அவர் தடியை ஊன்றி எழுந்து உள்ளே போனார். தீட்டுக் கழியக் குளிக்க வேண்டும் என்று நேராகக் கிணற்றடிக்குப் போய், அண்டாவுக்கு முன்னால் நின்றுவிட்டார். அதில் இருந்ததும் அதே தண்ணீர்தானே. குளிக்க ஒரு சொட்டு இல்லாமல் அந்த மனுஷர் தன் வீட்டுக் கிணற்றடியில் நின்ற நிற்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒவ்வொரு கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு அவர்கள் போனார்கள். ஆடியில் ஆட்கள் கடப்பாரையோடு வந்து ஓடையின் அடியில் நீளத்துக்கும் சிமெண்டைப் பெயர்த்தார்கள். ஓவர்சீயர் தினமும் வந்து நின்று பார்த்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

தெரியாமல் செய்ததற்குப் பரிகாரம் உண்டு என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பனும் பிள்ளையும் செய்துகொண்டார்கள். பிள்ளை மறுபடி முறைக்குப் போனார். மாமனார் போகவில்லை. கோயிலுக்குப் போவார், நந்திக்கு இந்தப் பக்கம் ஜனங்களோடு ஜனமாக நின்று, தீபாராதனை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். நான் அழுதுகொண்டே காலில் விழுந்தேன். எழுந்திரும்மா, உன்மேல் கோபம் இல்லை என்றார். கோபப்பட்டிருக்கலாம். குழாய்த் தண்ணீரையும் அவரே கேட்டு வாங்கிக் குடித்தார். இனிமேல் உள்ளே போவதில்லையே, எந்த ஜலமாக இருந்தால் என்ன என்றார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. மலையெல்லாம் வெள்ளி வெள்ளியாக அருவி. ஓடையில் வந்த தண்ணீர் பெயர்த்த இடங்களில் சுழித்துச் சுழித்து உள்ளே இறங்கியது. மூன்றாம் நாள் கிணற்றில் ஆள் உயரத்துக்கு ஊறிவிட்டது. தெருவே கிணற்றடியில் நின்று இறைத்தது. மாமியின் பேத்திக்கு அப்போது மூன்று மாசம், அவளைக் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள்.

நான் குளித்து மடி உடுத்தி, முதல் வாளியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். வாங்கிக்கொண்டார். வாய் வரைக்கும் கொண்டுபோய், நிறுத்தினார்.

"இது எந்த ஜலம்?"

கிணத்து ஜலம்தான் மாமா, வந்து பாருங்கோ என்றேன். பார்ப்பதற்குக் கண் ஏது. வேண்டாம், நீ சொன்னால் சரி என்று குடித்தார்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். கிணறு ஒருநாளும் வற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு டம்ளருக்கும் அதைக் கேட்டார். குத்திக் காட்டுவதற்காக இல்லை. அவருக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சொன்ன பிறகு ஒரு கணம் என் முகம் இருக்கும் பக்கம் பார்ப்பார், அப்புறம்தான் குடிப்பார்.

கடைசி நாள் அவருக்குப் பேச்சு வரவில்லை. பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். பாலாடைச் சங்கில் தண்ணீர் எடுத்து உதட்டருகே கொண்டுபோனேன். வாயைத் திறக்காமல் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கிணத்து ஜலம்தான் மாமா என்றேன். அப்புறம் வாயைத் திறந்தார்.